மலையகத்தில் அல்சேஷன் வளர்க்க நினைப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் யாராவது நாய்க்குட்டி வாங்கப் போகிறேன் என்றால், கேட்பவர் வாயில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "அல்சேஷனா?" என்பதுதான். ஒரு காலத்தில் தோட்டத் துரை பங்களாவின் வாசலில் மட்டும் நின்ற நாய் அது. இன்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயத்து வாசலிலும் புதிதாகக் கட்டிய தனி வீடுகளிலும் அதைக் காணலாம். ஜெர்மன் ஷெப்பர்ட் என்று சான்றிதழில் எழுதியிருப்பதும் இதே நாய்தான். எனக்கு இந்த இனத்தின் மேல் தீராத பிரியம் உண்டு. அதனால்தான் அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று முதலிலேயே சொல்கிறேன்.

இது காவலுக்கென்று பிறந்த நாய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது மந்தை நாய். 1899ஆம் ஆண்டு மாக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி, ஒரு கண்காட்சியில் பார்த்த மேய்ப்பு நாயை வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் வைத்து, அதையே இந்த இனத்தின் முதல் நாயாகப் பதிவு செய்தார். அந்த நாட்டில் ஆடுகள் மேயும் நிலத்துக்கும் பயிர் நிலத்துக்கும் நடுவே வேலி கிடையாது. நாய்தான் வேலி. உழவுசால் ஓரமாகக் காலை முதல் மாலை வரை ஓடி ஓடி, எல்லை தாண்டும் ஆட்டை உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலை. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் குட்டியின் இரத்தத்திலும் அந்த ஓட்டம் இருக்கிறது. நீங்கள் எல்லை காட்டாவிட்டால் அது தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். இந்த நாயால் வரும் சந்தோஷத்துக்கும் சண்டைக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1. வாங்குவதற்கு முன்

பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன் ஆளைக் கணக்குப் பாருங்கள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அப்பாவும் அம்மாவும் காலையில் மலைக்குப் போய்விட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டு, நாயைப் பின்புறம் சங்கிலியில் கட்டிவைக்கும் வீடு என்றால் இந்த இனம் வேண்டாம். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் அல்சேஷன் ஓயாமல் குரைக்கும், மண்ணைத் தோண்டும், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் யாரைக் கண்டாலும் பாயும். ஓய்வுபெற்ற தாத்தாவோ வீட்டோடு இருக்கும் பெரியம்மாவோ உண்டு என்றால் நிலைமை வேறு.

இந்த நாய் சுமார் 9 முதல் 13 வருடம் உயிரோடு இருக்கும். குட்டிக்கு ஆசைப்படும் பத்தாம் வகுப்புப் பையன், அதற்கு வயதாகும்போது கொழும்பிலோ கட்டாரிலோ வேலையில் இருப்பான். அப்போது அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ, அவருடைய சம்மதத்தை இன்றைக்கே கேளுங்கள்.

இடம் இரண்டாவது விஷயம்தான். வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும், பெண் நாய் 22 முதல் 32 கிலோ. ஒரு காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) உள்ள லயத்தில் இதை வளர்க்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால் முடியும். ஆனால் அடுத்த காம்பராக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். வாசல் பொதுவானது, தண்ணீர்க் குழாய் பொதுவானது, சுவர் ஒன்றுதான். தோட்ட வீடு என்றால் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குட்டி வந்து குடும்பத்தோடு ஒட்டிய பிறகு "நாயை அனுப்பு" என்று உத்தரவு வந்தால் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல.

2. குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாய் நாய் உங்களைக் கண்டதும் பதுங்கினாலோ காரணமில்லாமல் சீறினாலோ திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் குணம் குட்டிக்கும் வரும். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. "இப்போதே எடுத்துக்கொண்டால் நன்றாக ஒட்டும்" என்று சொல்லி ஐந்து வாரத்தில் விற்கப் பார்ப்பார்கள். அந்தக் குட்டி கடியின் அளவைக் கற்காமல் வரும். கூடப்பிறந்த குட்டியைக் கடித்து, அது கத்தி விலகும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது நாய்க்குத் தெரியவரும்.

இந்த இனத்தின் பெரிய குறை இடுப்பு மூட்டு. பந்துக் கிண்ண மூட்டு சரியாகப் பொருந்தாமல் தேய்ந்து, நாய் இளவயதிலேயே நொண்டும். இது பரம்பரையாக வருவது. தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் நாயின் வம்சத்தைச் சொல்லும், மூட்டின் நலத்தைச் சொல்லாது. பின்புறம் அளவுக்கு மீறித் தாழ்ந்து, தவழ்வது போல நடக்கும் நாய்களைச் சிலர் அழகு என்கிறார்கள். மலைச்சரிவில் ஏறி இறங்கப் போகிற நாய்க்கு நேரான முதுகும் உறுதியான பின்னங்கால்களும்தான் அழகு.

முதல்முறை வளர்ப்பவருக்கு, அதுவும் லயத்தில் இருப்பவருக்கு, நான் பெண் குட்டியைச் சொல்வேன். உடல் சிறியது, பிடிப்பது எளிது. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு தடவை பருவத்துக்கு வரும்போது ஊர் நாயெல்லாம் வாசலில் நிற்கும் என்பது மட்டும்தான் தொல்லை. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடை செய்துவிடலாம். பெரிய இன நாய் என்பதால் எந்த வயதில் செய்வது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. கொண்டுவரும் நாளும் முதல் வாரமும்

கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் பிறந்த குட்டிக்கு மலைக்குளிர் புதிது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் அங்கே புல்லில் உறைபனி படியும். வளர்ந்த அல்சேஷனுக்கு அந்தக் குளிர் சுகம். இந்த இனத்துக்கு நம் ஊர் தருகிற பெரிய கொடையே இந்தக் காலநிலைதான். குட்டிக்கு அப்படியல்ல. சீமெந்துத் தரையில் படுக்கவிடாமல், பலகைமேல் சாக்கை விரித்து, காற்று அடிக்காத மூலையில் படுக்கை போடுங்கள்.

கினிகத்தேனை வளைவுகளில் மனிதருக்கே தலை சுற்றும். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்தினால் குட்டி வாந்தி எடுப்பது குறையும். வழியில் பஸ் நிலையத்திலோ கடை வாசலிலோ தரையில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கான பார்வோ நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வந்த வாரமே ஊசி அட்டையோடு மிருக வைத்தியரைப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். மழையும் எலியும் நிறைந்த ஊரில் எலிக்காய்ச்சல் ஊசியைத் தவற விடவே கூடாது. அந்த நோய் நாயிலிருந்து மனிதருக்கும் வரும். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. அதை வருடந்தோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவு செய்வதும் சட்டப்படி உங்கள் கடமை.

4. ஊரைப் பழக்குதல்

குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையான காலம் திரும்பக் கிடைக்காது. அந்த நாட்களில் கண்டதெல்லாம் அதற்குச் சாதாரணம். காணாததெல்லாம் பிறகு சந்தேகத்துக்குரியது. ஊசி முடியவில்லையே என்று குட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் காலம் கைநழுவிவிடும். கீழே விடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள்.

நம் ஊரில் எதைக் காட்ட வேண்டும்? தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்களை நாயின் கண்ணால் பாருங்கள். இடுப்பில் சுற்றிய படங்கு, தலையை மூடிய சாக்குக் கொங்காணி, முதுகில் தொங்கும் மூட்டை, கையில் கம்பு. மூடுபனிக்குள்ளிருந்து அந்த உருவம் திடீரென்று வெளிப்பட்டால், பழகாத இளம் நாய்க்கு அது மனிதராகவே தெரியாது. ஆகவே மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். போகிற அக்காமாரிடம் ஒரு துண்டு அவித்த ஈரலைக் கொடுத்து அதற்கு ஊட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் படங்கைக் கண்டாலே வாலாட்டும். குடை விரிவது, மழைக்கோட்டின் சரசரப்பு, கொழுந்து லொறி, ஆட்டோ, வேலைக்கு ஊதும் சங்கு, திருவிழாத் தப்புச் சத்தம், தீபாவளி வெடி ஆகிய எல்லாவற்றையும் தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பயந்தால் விலகுங்கள். இழுத்துக்கொண்டு போய் "பயப்படாதே" என்று நிறுத்தாதீர்கள்.

5. எல்லையை நீங்கள் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஏழெட்டு மாதமாகும்போது உங்கள் நாய் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கும். மரக்கறிப் பாத்தி ஓரம், கான் (வடிகால்) வழியாக, குழாயடி வரை போய்த் திரும்பும். புல் தேய்ந்து தடம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். அதன் கணக்கில் அதற்குள்ளிருப்பது எல்லாம் அதன் பொறுப்பு. தனி வீட்டில் இதனால் தொல்லை இல்லை. லயத்தில், அந்தத் தடம் பத்துக் குடும்பத்தின் வாசலைக் குறுக்கே வெட்டும். பக்கத்து வீட்டு மாமா இரவில் வெளியே வந்தாலும் அது மறிக்கும். ஓடுகிற பிள்ளைகளைச் சுற்றி வளைக்கும், குதிகாலைக் கவ்வும். இது கோபம் இல்லை. கூட்டத்தை விட்டு ஓடுகிற ஆட்டைத் திருப்பும் அதே வேலை. ஆனால் பல் பட்ட பிள்ளையின் தாயிடம் அந்த விளக்கம் எடுபடாது. தவிர, தோல் கிழிந்தால் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஊசி வேண்டுமா என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். குட்டியாக வந்த நாளிலிருந்து தினமும் காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து, உங்களுக்கு உரிய இடத்தின் விளிம்பை மட்டும் சுற்றி நடங்கள். இஸ்தோப்பு, முன் வாசல், உங்கள் பாத்தி. விளிம்பில் நிறுத்தி, உட்காரச் சொல்லி, ஒரு துண்டு கொடுங்கள். விளிம்பைத் தாண்டினால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். பேசாமல் திருப்பிக் கூட்டிவாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் வேலியோ கூடோ கட்டாயம் வேண்டும். பழக்கம் வேலிக்கு மாற்று ஆகாது.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. நாய் துரத்தினால் ஓடாமல் மரம் போல நிற்க வேண்டும். ஓட்டம் நின்றால் நாயின் ஆர்வமும் நின்றுவிடும். நாயிடம் "விடு" என்ற சொல்லை முதலிலேயே பழக்குங்கள். எந்த மொழியில் சொல்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்" என்றும், அண்ணன் "சிட்" என்றும், பாட்டி "இரு" என்றும் சொன்னால் நாய் மூவரையும் கேட்காது. பயிற்சி ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடித்துப் பழக்கிய அல்சேஷன் கைக்குப் பயந்து, பிறகு கையையே கடிக்கும்.

இத்தனை பாடுபட்டால் கிடைப்பது என்ன? மாலை நாலரை, ஐந்து மணிக்கு மலையிலிருந்து வரும் பாதை லயத்துக்குத் திரும்பும் இடத்தில் அது படுத்திருக்கும். அம்மா வருவார், எழாது, காது மட்டும் அசையும். மகள் டியூஷன் முடிந்து வருவாள், வாலை ஒருமுறை தரையில் அடிக்கும். கடைசியாக அப்பாவும் வந்த பிறகுதான் எழுந்து, உடம்பை உதறி, எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்குள் வரும். வீட்டு ஆட்களின் தலையை எண்ணுகிற நாய் அது. கற்றுக்கொடுத்து வருகிற குணம் அல்ல.

6. வேலையும் நடையும்

தோட்டங்களில் மாடுகள் பெரும்பாலும் பட்டியிலேயே நிற்கின்றன, புல்தான் அவற்றைத் தேடி வருகிறது. அதனால் மந்தை நாய்க்கு மந்தை வேலை இல்லை. வேறு வேலை கொடுங்கள். காலையில் பால் கேனோடு சேகரிப்பு நிலையத்துக்குப் போகும்போது கூடவே நடக்கட்டும். வீட்டில் ஒரு செருப்பை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். மோப்பம் பிடித்துத் தேடிய கால்மணி நேரத்தில், ஒரு மணி நேரம் ஓடிய நாயைப் போல அது களைத்துப் படுக்கும். வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது நடையும் விளையாட்டும் வேண்டும். மழை என்பதற்காக விடுமுறை கிடையாது. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கினால் மஸ்கெலியாவில் எத்தனை மாதம் நனைய வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒன்றரை வயது வரை எலும்பு முற்றாது. அதுவரை செங்குத்தான படிகளில் ஓடவிடுவது, கான் தாண்டிக் குதிக்கவிடுவது, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டுவது மூன்றும் கூடாது. பாதையில் மெதுவாக நடப்பது போதும்.

7. சாப்பாடு

மிச்சச் சாப்பாட்டிலேயே வளர்த்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ரொட்டியோடு போகும் சம்பலில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். சமைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். சோற்றோடு அவித்த கோழி, முட்டை, ஈரல், கரட், பூசணி என்று உப்பில்லாமல் தனியாகச் சமைக்கலாம். குட்டிப் பருவத்தில் மட்டும் முடிந்தவரை பெரிய இனக் குட்டிகளுக்கான தயார் உணவைக் கொடுங்கள். செலவுதான், ஆனால் எலும்பு அமைவது அந்த வருடத்தில்தான்.

காது நிமிரவில்லை என்று கல்சியம் சிரப் ஊற்றும் பழக்கம் எங்கும் உண்டு. செய்யாதீர்கள். பெரிய இனக் குட்டியின் உடம்பு அதிகப்படியான கல்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும், எலும்பு கோணும். பல் முளைத்து முடியும்போது, ஐந்தாறு மாதத்தில், காது தானே நிமிரும்.

வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் உணவை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பந்து போல வீங்கி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் ஹட்டனிலிருந்தே அங்கு போக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். பக்கத்து நகரத்தில் இரவில் வரக்கூடிய வைத்தியர் யார், வாகனம் தரக்கூடியவர் யார் என்று இன்றே தெரிந்து வையுங்கள்.

8. முடி, அட்டை, உண்ணி

முடி கொட்டும். வருடம் முழுக்கக் கொட்டும், இரண்டு பருவத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். வாரம் மூன்று தடவை சீவுங்கள். ஒட்ட வெட்டாதீர்கள், அந்த இரட்டை முடிதான் குளிரையும் வெயிலையும் தடுக்கிறது. மழையில் நனைந்து வந்தால் அடிமுடி வரை துணியால் துவட்டுங்கள். ஈரத்திலேயே படுத்தால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும்.

நடந்து வந்ததும் விரலிடுக்கு, காதின் உள்பக்கம், வயிறு மூன்றையும் பாருங்கள். அட்டையைப் பிய்க்காமல் சவர்க்காரத் தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ தொட்டு வைத்தால் விழுந்துவிடும். ஓடையில் தண்ணீர் குடித்த நாய் நாட்கணக்கில் தும்மி, ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். அதை வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

அட்டையைவிட ஆபத்து உண்ணி. மானாப் புல்லிலும் மாட்டுப்பட்டி ஓரத்திலும் ஏறும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வரும். உடனே இரத்தப் பரிசோதனை செய்தால் காப்பாற்றலாம். மாதந்தோறும் உண்ணி மருந்து கொடுப்பது இந்தச் சிகிச்சையைவிட மலிவு.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சொறிக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே நாய்க்கும் போடுகிறவர்கள் உண்டு. மந்தை நாய் இனங்கள் சிலவற்றில், அல்சேஷனிலும் ஒரு பகுதி நாய்களில், அந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். அப்படிப்பட்ட நாய் தள்ளாடி, மயங்கி, இறந்துபோகலாம். காய்ச்சலுக்கு மனிதர் குளிசையும் கொடுக்காதீர்கள்.

9. இரவு

இரவில் நாயை வெளியே கட்டிவைக்காதீர்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுகிறது, நாய் அதற்குப் பிடித்த இரை. சங்கிலியில் நிற்கும் நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. வீட்டுக்குள் படுக்கவிடுங்கள், அல்லது கூரையும் நான்கு பக்கமும் உறுதியான கம்பி வலையும் உள்ள கூட்டில் அடையுங்கள். வீட்டுக்குள் படுத்தாலும் ஆள் வருவதை அது சொல்லிவிடும், குரைப்பு கதவைத் தாண்டிக் கேட்கும்.

பகலில் காட்டோரம் போனால் கயிற்றில் பிடித்தே போங்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு நாயின் கழுத்தையும் இறுக்கும். மருந்தடித்த மரக்கறித் தோட்டங்களுக்குள்ளும் விடாதீர்கள்.

10. வயதான பிறகு

எட்டு வயதைத் தாண்டியதும் பின்னங்கால்களைக் கவனியுங்கள். நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டால், திரும்பும்போது பின்பக்கம் சரிந்தால், மூட்டுத் தேய்வாக இருக்கலாம். வலியே இல்லாமல் கால்கள் மெல்ல மெல்ல மரத்துப்போகும் முதுகுத்தண்டு நோயும் இந்த இனத்தில் உண்டு. முன்னதற்கு வலி மருந்தும் எடைக் குறைப்பும் நன்றாக உதவும், பின்னதற்கு மருந்து இல்லை, பராமரிப்புதான். எது என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழுக்கும் சீமெந்துத் தரையில் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். படியேறும்போது ஒரு பழைய துவாயை வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரு முனையையும் பிடித்துத் தூக்கினால், பாதி எடை உங்கள் கைக்கு வரும், முன்னங்கால்களால் அது மீதியை ஏறிவிடும்.